அரை கப் டீ கணக்கு

மருத்துவமனை, இரண்டாம் மாடி
வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள கடுகுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று தொடங்க முடியவில்லை. உன் நலம் அறிய ஆவல் என்பதை இத்தனை வருடம் கை பழகிய பழக்கத்தில் எழுதி வந்தேன். இன்று அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதமே.

மேலே படிக்கும் முன் ஒன்று செய். நான் அனுப்பிய பச்சை மூடி டப்பாவிலிருந்து இனி ஒரு கேப்சூலும் விழுங்காதே. நாளைக் காலையிலும் வேண்டாம், அதற்கு மறுநாளும் வேண்டாம். டப்பாவை எறிந்துவிடாதே, டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு வை. செய்துவிட்டாயா? இனிப் படி.

அப்பா இங்கே ஆறு நாளாகப் படுத்திருக்கிறார். மஞ்சள் காமாலை. மூன்று வாரத்துக்கு முன்பே அசதி என்றார், சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது என்றார். வயசாகுதில்லையா, இனி புது இன்ஜினா போட முடியும் என்று தன் மெக்கானிக் பாஷையில் அவரே சிரித்துக்கொண்டார். அப்புறம் உடம்பெல்லாம் அரிப்பு. போன சனிக்கிழமை சவரம் செய்ய ஜன்னல் ஓரம் நின்றவர், இங்கே வந்து என் கண்ணைப் பார் என்று கூப்பிட்டார். பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை.

நீ நம்புவாயா என்று தெரியவில்லை. போன வருடம் நெஞ்சுவலி என்று சொல்லி உன்னை வரவழைத்தேனே. நீ மூன்று வண்டி மாறி, அழுத கண்ணோடு வந்து நின்றபோது நான் அடுப்படியில் நின்று தாளித்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டும் போல் இருந்தது என்றேன். நீ மறுநாளே கிளம்பினாய். புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதையை முப்பத்தோரு வருடம் வகுப்பில் சொன்னவள் நான். அதனால் அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாள்களை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். என்னை நம்பாதே, தாளை நம்பு.

போனில் சொல்லலாமே என்பாய். அப்பாவின் காமாலைக்குக் காரணம் எனக்கே இன்று பதினோரு மணிக்குத்தான் தெரிந்தது. தெரிந்த கையோடு உன் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினேன். மழையில் மலைமேல் செல்போன் கோபுரம் சாய்ந்து, நீங்கள் சுரங்கப்பாதை குடைகிற முகாமுக்கு மூன்று நாளாகத் தொடர்பே இல்லையாம். நாளைக் காலை ஏழு மணிக்குச் சாமான் வண்டி போகிறது, டிரைவரிடம் கொடுத்தால் சாயங்காலம் உன் கையில் இருக்கும் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க, உங்க பொண்ணு கெட்டிக்காரி, அவங்க அளவெடுத்த இடத்துல ஒரு அங்குலம் பிசகாது என்றும் சொன்னார். நான் பிசகினதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

என் கூட நடைக்கு வரும் தையற்கடைக்காரியை உனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஸ்கேனில் ஈரலில் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறது என்று வந்தபோது அவள்தான் இதைச் சொன்னாள். பச்சைத் தேயிலைச் சாறு, வெறும் செடி, மருந்தே இல்லை, நானும் என் வீட்டுக்காரரும் வருஷக்கணக்கா தினம் ஒண்ணு சாப்பிடறோம் என்றாள். இரண்டு டப்பா வாங்கினேன். ஒன்று அப்பாவுக்கு. ஒன்று எதற்கு என்று உனக்குத் தெரியும். நீ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ரெண்டு பேர் நிக்கிற இடத்துல நீ ஒருத்தியே நிக்கிறியே என்று நான் சொன்ன வாரம் அது.

டப்பாவின் மேல் ஒன்று என்றுதான் போட்டிருந்தது. தினம் ஒன்று, சாப்பாட்டோடு. நான் என்ன செய்தேன், கணக்குப் போட்டேன். ஒரு கப் டீக்கு இரண்டு கிராம் தேயிலை போடுகிறோம். கேப்சூலில் ஐந்நூறு மில்லிகிராம், அதாவது அரை கிராம். அப்படியானால் ஒரு கேப்சூல் கால் கப் டீ. இரண்டு போட்டால் அரை கப். அரை கப் டீ யாரை என்ன செய்யும்? வெறும் வயிற்றில் போட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று அதையும் நானே சேர்த்தேன். உன் டப்பாவில் ஒரு சீட்டு ஒட்டினேன்: காலையில் இரண்டு, வெறும் வயிற்றில். என் கையெழுத்து. மூன்று மாதமாக அதைத்தான் நீ தினமும் பார்க்கிறாய்.

இங்கே சேர்த்த அன்றிலிருந்து டாக்டர் தேடித் தேடிப் பார்த்தார். சின்னப் பெண்தான், ஆனால் அவசரப்படாத பெண். கிருமியா, இல்லை. கல்லா, இல்லை. குடிப்பாரா, இல்லை. வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை கடுகு. மருந்து என்றால் எனக்குக் கசக்கிறது, டாக்டர் எழுதித் தருவது. இது செடி. என் மனசில் அது அந்தப் பட்டியலிலேயே ஏறவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நெஞ்சு வெடித்துவிடும். இந்த ஆறு நாளும் இங்கேயும் கொடுத்தேன். விடியற்காலையில், நர்ஸ் வருவதற்கு முன், என் கைப்பையிலிருந்து இரண்டு இரண்டாக. ஈரலுக்கு நல்லது என்று. அவரும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். இன்று காலை பெரிய நர்ஸ் கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டார். என்னம்மா அது, காட்டுங்க என்று என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார். அப்படியே டப்பாவோடு டாக்டரிடம் போனார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: அம்மா, இது இலைத்தூள் இல்லை. இலையிலிருந்து இறக்கி, சுண்டவைத்து, வேண்டிய பொருளை மட்டும் எடுத்தது. ஐந்தாறு கப் டீயில் இருக்கிற சத்து ஒரே கேப்சூலில் இருக்கு. நீங்க பத்துப் பன்னிரண்டு கப்பை ஒரே மடக்கில், அதுவும் காலி வயிற்றில் கொடுத்திருக்கீங்க. வயிறு காலியா இருந்தா இன்னும் அதிகமா ரத்தத்துல ஏறும்.

கேட்டுக்கொண்டே இருக்கும்போது என் தலைக்குள் பள்ளிக்கூடம் விடும் மணி அடித்தது. ஆயிரம் பிள்ளைகள் சாயங்காலம் முழுக்க ஒவ்வொருவராக வாசலைத் தாண்டினால் காவல்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆயிரம் பேரும் ஒரே நொடியில் பாய்ந்தால் வாசல் கதவே பெயர்ந்துவிடும். உன் அப்பாவின் ஈரல் அந்தக் காவல்காரர். எடை ஒன்றானால் சரக்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். ஒரு படி கரும்புச்சாறும் ஒரு படி வெல்லப்பாகும் ஒன்றா என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூட இல்லை டீச்சர் என்று சொல்லியிருக்கும்.

சரியான அளவில் கொடுத்திருந்தால் தப்பித்திருப்பாரா என்று கேட்டேன். அதுவும் சொல்ல முடியாதாம். நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு மட்டும் உடம்பு ஏற்றுக்கொள்ளாது, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்றார். தையற்கடைக்காரி கல் மாதிரி இருக்கிறாளே, அதனால் அது சரியாகத்தான் இருக்கும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வந்து பார்த்துவிட்டு, என் நாக்கை அறுத்துப் போடணும் அக்கா என்று அழுதாள். உன் நாக்கு ஒன்று என்றுதானே சொன்னது, இரண்டாக்கியது நான் என்றேன்.

பிறகுதான் டாக்டர் அதைச் சொன்னார். கதவு வரை போனவர் திரும்பி, இது சிலருக்குப் பிறவியிலேயே இருக்கிற அமைப்பு, ரத்த சொந்தத்துக்கும் இருக்கலாம், வீட்டுல வேற யாரும் சாப்பிடலையே என்றார்.

உனக்கு அவர் மூக்கு. அவர் முன்கோபம். அவர் மாதிரியே இடது கையால் எழுதுகிறாய். எல்லாவற்றையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டாள், எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். எழுந்து போய் முகம் கழுவினேன். அங்கிருந்து நேரே உன் கம்பெனி அலுவலகத்துக்குத்தான் ஓடினேன்.

கடுகு, போன மாதம் மலைமேல் ஏறி அப்பாவுக்கு நீ போன் செய்தபோது என்ன சொன்னாய் என்று நினைவு இருக்கிறதா? அம்மா சொன்னபடி ரெண்டு ரெண்டா முழுங்கிட்டுத்தான் இருக்கேன், இப்ப திருப்தியான்னு கேளுங்க என்றாய். கூடவே, இப்பல்லாம் பசியே இல்லைப்பா, ஒரே அசதியா இருக்கு என்றும் சொன்னாய். அப்பா போனை வைத்துவிட்டு என்னிடம் கவலையாகச் சொன்னார். நான், நல்லதுதான், கேப்சூல் வேலை செய்யுது என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன்.

இன்று மத்தியானத்திலிருந்து அந்த இரண்டு சொல்தான் காதில் விழுகிறது. பசியில்லை. அசதி. அப்பாவுக்கும் அங்கேதான் தொடங்கியது.

வெயிலில் நின்று கண்ணாடியில் உன் கண்ணைப் பார். விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதே, அதில் எல்லாக் கண்ணும் மஞ்சளாகத்தான் தெரியும். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகிறதா பார். ஒன்றும் இல்லை என்றாலும் அங்கேயே இருந்துவிடாதே. உடம்பு வலிக்கிறது என்று எந்த மாத்திரையும் போட்டுக்கொள்ளாதே, அதுவும் ஈரலுக்குச் சுமை என்று டாக்டர் சொன்னார். இந்தச் சாமான் வண்டி ஞாயிற்றுக்கிழமை காலை திரும்புகிறது. டிரைவரிடம் உனக்கு முன்சீட்டில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வழியில் வருகிற முதல் பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கி ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள். எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று இல்லை. என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போ, போதும்.

சனிக்கிழமை, காலை ஆறு மணி

நேற்று முடிக்க முடியவில்லை. அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் குழறியது. என்ன கிழமை என்று டாக்டர் கேட்டதற்கு, அதை டீச்சர்கிட்ட கேளுங்க, எங்க வீட்டுல கணக்கு எல்லாம் அவங்க டிபார்ட்மெண்ட் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடியும் கேட்டார். அப்பா யோசித்து யோசித்து, புதன் என்றார்.

தாளில் கடைசி வரியைப் பார். ரத்தம் உறைவதற்கான எண். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும், ஏறினால் ஈரல் ஓய்கிறது என்று அர்த்தம். ஒன்று புள்ளி நான்கு, ஒன்று புள்ளி ஆறு, நேற்று ஒன்று புள்ளி ஒன்பது. இந்த மாதிரி எண்களைக் கரும்பலகையில் எழுதி, வரிசையில் அடுத்தது என்ன என்று கேட்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. இன்று காலை அடுத்த எண்ணைக் கேட்கப் பயந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ்தான் தேடி வந்து சொன்னார். அதே ஒன்று புள்ளி ஒன்பதாம். இறங்கவில்லை, ஏறவும் இல்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

உன் டப்பாவாலும் ஆபத்து இருக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் விழிப்பு வரும்போதெல்லாம், கடுகு பேசினாளா என்று கேட்கிறார். கோபுரம் விழுந்துவிட்டது என்று சொன்னால், நிமித்திட்டு வா, ஸ்பேனர் வண்டியில இருக்கு என்கிறார்.

ஆறரை ஆகப் போகிறது, கடிதத்தை வாங்க வந்த டிரைவர் கீழே ஹார்ன் அடிக்கிறார். ஒன்று மட்டும் எழுதிவிட்டு ஓடுகிறேன். உனக்கு ஆறு வயதில் ஒரு டானிக் கொடுத்தேன். ஒவ்வொரு வேளையும் வாயைத் துடைத்துக்கொண்டு, குடிச்சிட்டேன் அம்மா என்பாய். ஒரு நாள் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே சுவரெல்லாம் பழுப்புக் கோடு. அன்று உன்னை அடித்தேன். பொய் சொல்கிற பிள்ளை உருப்படாது என்றேன்.

மகளே, அப்பாவிடம் போனில் நீ சொன்னதும் அப்படி ஒரு பொய்யாக இருக்க வேண்டும். என் வாயை அடைப்பதற்காகச் சொன்னதாக இருக்க வேண்டும். அந்த டப்பாவைப் பிரிக்காமலே நீ எங்கேயோ மூலையில் போட்டிருக்க வேண்டும், என் சீட்டைப் படித்துவிட்டுக் கோபத்தில் கிழித்திருக்க வேண்டும். இத்தனை நாளும் நீ என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கும்பிட்டேன். இப்போது நீ ஒரு நாளும் கேட்டிருக்கக் கூடாது என்று கும்பிடுகிறேன்.

ஏமாத்திட்டேன் அம்மா என்று ஒரே வரி எழுதி டிரைவரிடம் கொடுத்தனுப்பு. நீ நூறு வயது இருப்பாய்.

அம்மா