துக்க வருஷத்தில் ஒரு மலை

முருகன் துணை

தாராவி,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நயினாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் அவன் கிருபையால் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்போடு மனசும் தெளிந்து இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ ம் என்கிறாய், நானும் வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஷரீஃபுன்னிசாவின் மகள் சஃப்ரீன் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். நான் சொல்லிக்கொடுத்த தமிழ் மறந்திருக்காது, அவசரப்படாமல் எழுத்துக்கூட்டிப் படி, வேறு யாரையும் படித்துக் காட்டச் சொல்லாதே.

இந்தத் தடவை மழை விட்டபாடில்லை, நம் ஒற்றை அறைக் கோலியின் மேல் தகரத்தில் ஒழுகிய இடத்துக்குத் தார் பூசியாயிற்று, வீட்டுக் கணக்கு எழுதுவது ஒரு நாளும் நிற்கவில்லை. அப்பா வேலை பார்த்த தோல் பட்டறையிலிருந்து அவர் சட்டையையும் கண்ணாடியையும் கொண்டுவந்து கொடுத்தார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன், அவற்றை என்ன செய்வது என்று நீ வந்த பிறகு பேசுவோம். வருஷம் திரும்பாததால் நமக்குத் தீபாவளி இல்லை, நீயும் அங்கே எண்ணெய்ச் சட்டி வைக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அறைத்தோழன் ஹரியும் மற்றப் பையன்களும் அங்கே அமெரிக்காவில் அந்த மலைக்காட்டுப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கி மலையேறப் போகிறார்கள், நானும் போகட்டுமா என்று நீ கேட்டாய். அப்பா தவறிய வருஷத்தில் மலை ஏறக் கூடாது என்று நான் உடனே சொன்னேன். சரிம்மா என்று வைத்துவிட்டாய், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நீ ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் நானும் அதை அப்படியே விட்டிருப்பேன்.

மறுநாள் ஹரியே எனக்குப் போன் போட்டான். மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பையன், பேச்சும் அவர்கள் வீட்டுப் பேச்சுத்தான். "மாமி, கோவிச்சுக்காதேள். இவன் ஆபீஸ் முடிஞ்சா லைட்டை அணைச்சுட்டுப் படுத்துண்டுடறான். அப்பா காரியத்தைப் போன்லயே பார்த்துட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. இந்த மலைக்குப் போலாம்னு முதல்ல சொன்னதே அவன்தான் மாமி, நாங்க இல்லை. இத்தனை மாசத்துல அவன் வாயால ஒண்ணு வேணும்னு கேட்டது இது ஒண்ணுதான்" என்றான். விசா காகிதம் கையில் இல்லாமல் நீ வர முடியாமல் போனதும், உன் சித்தப்பா மகன் கொள்ளி வைத்ததை நீ போனில் பார்த்ததும் எனக்கு மறக்குமா.

உன் அத்தையிடம் சொன்னேன். "ஏ முருகம்மா, ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கே, உனக்கு இது தேவையாட்டி? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஊரு உன்னையில்லா கேக்கும்? வருசம் திரும்பட்டும், அவன் எந்த மலையில வேணா போய்க் குடியிருக்கட்டும்" என்றாள். தன் தம்பி தவறிய வருஷம் என்று உன்னைவிட அவள்தான் விலக்குகளைக் கடுமையாகப் பார்க்கிறாள், அவளையும் குற்றம் சொல்ல முடியாது. ஷரீஃபுன்னிசா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அட போக்கா, சாமி இருக்கிற மலைக்குத்தான உங்களுக்கு விலக்கு? அமெரிக்காக்காரன் மலையில கரடியில்லா உக்காந்திருக்கு, அதுக்கு என்ன தீட்டு" என்றாள். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை நயினார். சாமி இல்லாத மலை என்று ஒன்று உண்டா. நமக்குப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். நீ போனால் விலக்கை மீறித்தான் போகிறாய், அதை ஒளித்துப் பேச நான் விரும்பவில்லை.

அதனால் ஒன்று செய்தேன். செம்பூரில் குன்றின் மேல் இருக்கிற முருகன் கோயிலுக்கு நான் கிருத்திகைதோறும் போவது உனக்குத் தெரியும். அப்பா போனபிறகு படியில் கால் வைப்பதில்லை, கீழே பூக்காரி பக்கத்தில் நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இறங்கி வருகிறவர்கள் யாராவது கொடுக்கிற திருநீற்றைப் பூசிக்கொண்டு திரும்புகிறேன். மாசியில் வருஷம் திரும்பியதும் மேலே போய் அவன் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றிருந்தேன். இந்தக் கிருத்திகை அன்று அந்த இடத்தில் நின்றே அவனிடம் சொல்லிவிட்டேன். என் பிள்ளை மலை ஏறட்டும், நீ தடுக்காதே, குறை வைக்காதே, அவன் இருக்க வேண்டிய வருஷத்தை நான் இருக்கிறேன், மாசியில் என் வருஷம் முடிந்ததும் அவனுடையதைத் தொடங்குவேன், அடுத்த மாசி வரை உன் படியை மிதிக்க மாட்டேன் என்று. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள், திட்டட்டும்.

நீ போ. காட்டில் வழி போட்டிருக்கிற தடத்தை விட்டு விலகாதே, தனியாக முன்னால் போகாதே. தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதே, கரடி மோப்பம் பிடித்து வரும் என்று சஃப்ரீன் படித்துச் சொன்னாள். குளிருக்குக் காதை மூடிக்கொள், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள், தண்ணீரைக் கண்ட இடத்தில் குடிக்காதே. ஏறத் தொடங்கும்போது ஷூவைக் கழற்ற வேண்டாம், மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டால் போதும். மேலே போய் அழுகை வந்தால் அழு, அடக்காதே, அங்கே யார் பார்க்கப் போகிறார்கள், ஹரி பார்த்தாலும் ஒன்றும் நினைக்க மாட்டான்.

இதை ஏன் செய்தாய் என்று போனில் கத்தாதே. சாமியிடம் சொன்னதை நான் திரும்ப வாங்க மாட்டேன், அது உனக்கே தெரியும். இனிமேல் நீ போகாமல் இருந்துவிட்டால் நான்தான் ஒரு வருஷம் சும்மா கீழே நிற்க வேண்டியிருக்கும்.

காட்டுக்குள் போன் எடுக்காதாம். இறங்கி வந்ததும் பேசு, எந்த நேரமானாலும் எடுப்பேன். முருகன் உன் காலுக்கு முன்னால் நடக்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா,
முருகம்மாள்