முழங்கால் வலி என்று எழுதியது பொய்

குருவிநத்தம்,
பாகூர் கொம்யூன்.
1937 ஜூலை 14, புதன்கிழமை

சௌபாக்கியவதி அமுதத்துக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைகள் ராமு, ஆண்டாள் இருவருக்கும் அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. மூலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம். அங்கே நீங்கள் நால்வரும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. வெயில் வந்துவிட்டது என்று ஊரே கூடிக் கொண்டாடுகிறது என எழுதியிருக்கிறாய். வெயிலைக் கொண்டாடும் ஜனங்களும் உலகத்தில் உண்டா? இங்கே கத்திரி போய் ஒன்றரை மாதம் ஆகியும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் உச்சி மண்டை பிளக்கிறது, நாங்கள் யாரைக் கூப்பிட்டுக் கொண்டாடுவது? ராத்திரி ஒன்பது மணிக்கும் சூரியன் நிற்கிறது என்பதை உன் மாமன் உலகநாதன் நம்பவே இல்லை. "பொண்ணு கடியாரத்துக்குச் சாவி குடுக்க மறந்துட்டிருக்கும் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மாதாகோயில் புல்தரையில் கூடாரம் அடித்து, பெண்டுகள் செய்து வந்த பலகாரத்தையெல்லாம் பாதிரியார் தின்று பார்த்துப் பரிசு கொடுப்பார் என்றாயே, அதில் நீ போய் எலுமிச்சங்காய் ஊறுகாயை வைத்தாயாம். அந்தப் பாதிரியார் உனக்கு என்ன பாவம் செய்தார்? ஒரு கரண்டி முழுக்க வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொன்ன மனுஷனுக்கு மோட்சம் நிச்சயம். ராமு கரண்டியில் முட்டையை ஏந்திக்கொண்டு ஓடி இரண்டாவதாக வந்தான் என்றதும் உன் அம்மா முட்டை என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டாள். மாப்பிள்ளை கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கடலோரத்தில் பிள்ளைகளுக்கு மணலில் கோட்டை கட்டிக் கொடுத்தார் என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். டாக்டர் என்று நாலு பேர் மதிக்கிற மனுஷர் பிள்ளைகளோடு மண்ணில் உட்காருகிறார் என்றால் என் பெண் நல்ல இடத்தில்தான் வாழ்கிறாள்.

அடுத்த கோடைக்கு நீங்களும் அம்மாவும் புறப்பட்டு வந்துவிடுங்கள், கப்பல் டிக்கட்டு அனுப்புகிறோம் என்று எழுதிவிட்டு, அதற்கடுத்த வரியிலேயே முகத்தில் அறைந்தாற்போல ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். ஆற்றுக்கு அக்கரையில் அரை மணி நடையில் இருக்கிற சின்னப் பெண் வீட்டுக்கு, அவள் வளைகாப்புக்குக்கூடப் போகாத அப்பா சீமைக்கு எங்கே வரப்போகிறார், தங்கச்சி மேல் உங்களுக்கு அப்படி என்ன கோபம் என்று. கேட்க வேண்டிய கேள்விதான். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் கடிதத்தை மடித்து விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டேன். ஐந்து நாள் அந்தக் கடிதம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அமுதம், மூன்று கடிதமாக முழங்கால் வலி, முழங்கால் வலி என்று எழுதினேனே, அது பொய். என் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை, நேற்றுகூடக் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தேன். உன் அப்பன்பேரில் அக்கரையில் வாரண்டு இருக்கிறது. நம் பிரெஞ்சு எல்லையை விட்டு இங்கிலீஷ்காரன் மண்ணில் கால் வைத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். கடல் தாண்டி இருக்கிற பெண் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று மறைத்தேன். உண்மையில் வெட்கத்தினால்தான் மறைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ கப்பலேறி இரண்டாம் வருஷம் தையலம்மாளுக்குக் கல்யாணம் செய்தோம். முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்து வரச் சீர் கொண்டு போக வேண்டும். மூத்த பெண்ணுக்கு டாக்டர் மாப்பிள்ளை பார்த்தவன் சின்னவளுக்கு என்ன செய்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று புதுச்சேரியில் போய்ச் சீமைப் பட்டு, நாலு புட்டி செண்ட்டு, சம்பந்திக்குச் சட்டைப் பையில் வைக்கிற கடிகாரம் எல்லாம் வாங்கி வந்தேன். அந்தச் சாமானெல்லாம் அக்கரை ஏறினால் சுங்கம் கட்ட வேண்டும் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அவனவன் பட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டும் செண்ட்டைப் பூசணிக்காய்க்குள் வைத்துக்கொண்டும் போகிறான். உலகநாதனும் அப்படியே செய்யச் சொன்னான். நான் கேட்டேனா? சீர் என்ன திருட்டுச் சாமானா ஒளித்துக்கொண்டு போக, சீருக்கு எந்த ராஜா வரி போட்டான் என்று அவனையே ஏசினேன். சாமிக்கண்ணுவின் நாயனத்தை முன்னால் விட்டு, ஏழு தட்டும் தலைக்குமேல் தெரிய, பட்டப்பகலில் ஆற்று மணலில் இறங்கினேன். அக்கரைச் சுங்கச் சாவடிச் சேவகன் வந்து தட்டைத் திற என்றான். சம்பந்தி வாசலில் ஆரத்தி எடுப்பதற்கு முன்னால் சீர்த்தட்டைப் பிறத்தியார் தொடக் கூடாது என்றேன். அவன் மஞ்சள் குங்குமம் வைத்த தட்டுக்குள் கையை விட்டுத் துழாவினான். என் கை எப்படி எழுந்தது என்று எனக்கே தெரியவில்லை, பிடித்துத் தள்ளிவிட்டேன். தேங்கிக் கிடந்த தண்ணீரில் மல்லாக்க விழுந்தான், அவன் தலைப்பாகை தனியாக மிதந்தது. சாமிக்கண்ணு இதொன்றும் தெரியாமல் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே அக்கரை ஏறிவிட்டான். நான் தட்டுகளைப் போட்டது போட்டபடி விட்டு இக்கரைக்கு ஓடி வந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் ஓடிய அந்த ஓட்டத்தை உன் ராமு பார்த்திருந்தால் முதல் பரிசு எனக்குத்தான் கொடுத்திருப்பான்.

சுங்கம் கட்டாதது ஒன்று, சர்க்கார் சேவகன்மேல் கை வைத்தது ஒன்று, ஆக இரண்டு வழக்கு. அதோடு விட்டதா? சாமான் யாருக்குப் போகிறது என்று சம்பந்தியைக் கடலூருக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். தாசில்தார் வந்தாலும் எழுந்து நிற்காத மனுஷர் அவர். தையல் அந்த ஆடிக்கும் வரவில்லை, அதற்கப்புறம் இன்றுவரை நம் வாசலை மிதிக்கவில்லை. நம் கொம்யூன் கிடக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். தெற்கே ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன், மேற்கே வாய்க்காலைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன், நம் புதுச்சேரிக்கே போகலாம் என்றாலும் நடு வழியில் அவன் ஊர் குறுக்கே கிடக்கிறது. நம் கொம்யூனுக்குத் தலைவரான மேரிடம் போய் நின்றேன். "நீ இந்த மண்ணுல நிக்கிற வரைக்கும் ஒருத்தனாலயும் உன்னத் தொட முடியாது சிங்காரவேலு. மண்ண வுட்டு எறங்கினா நான் பொறுப்பில்ல" என்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருஷமாக வில்லியனூர்த் தேர் பார்க்கவில்லை, நெல்லு விற்கவும் உலகநாதன்தான் போகிறான். முளையில் கட்டின மாடு கயிறு போகிற மட்டும் மேய்கிற மாதிரி ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறேன். நல்ல சாப்பாடு, சொந்த வீடு, சொந்த நிலம், ஆனாலும் மூச்சு முட்டுகிறது அமுதம். சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய் நிற்பேன். ஆனி மாதத்து ஆற்றில் ஏது தண்ணீர், வெறும் மணல், ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிப் போய் மேய்ந்துவிட்டு வருகிறது. அக்கரைத் தோப்புக்குமேல் புகை எழும்பும். தையல் உலை வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன்.

வைகாசியில் வளைகாப்புக்கு உன் அம்மாவும் உலகநாதனும் போனார்கள். ஐந்து வகைச் சோறும் கண்ணாடி வளையலும்தான், சுங்கத்துக்குரிய சாமான் ஒரு குன்றிமணி கிடையாது. வளையல் அடுக்கி, சோறு போட்டு எல்லாம் நல்லபடியாகவே நடந்திருக்கிறது. முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்புங்கள் என்று உன் அம்மா கேட்டதற்குச் சம்பந்தியம்மாள் காசம்மாள் சபையில் வைத்துச் சொன்னாளாம்: "உங்க சீரால எங்க வூட்டு ஆம்பள போலீசு கச்சேரிப் படி ஏறினாரு. தாயி வந்தா ஆச்சா, மாமன் வந்தா ஆச்சா? பெத்த அப்பன் எங்க வாசல்ல வந்து நின்னு தாம்பூலம் வாங்கிக்கினு பொண்ண இட்டுக்கினு போவட்டும். இல்லாங்காட்டி தலப்பிரசவம் இங்கியேதான்." கேட்டபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் தப்பு ஏது? பெண்ணை அழைக்க அப்பன் போவதுதான் முறை. முறை பேசித்தானே நான் அந்தச் சேவகனைத் தள்ளினேன், இப்போது அவள் முறை பேசினால் மட்டும் கசக்கிறதா? ஆனாலும் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று நாள் கடத்தினேன். எப்படியும் காசம்மாள் மனசு இளகி அனுப்பிவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

இன்று இங்கேயும் விழாதான், பிரெஞ்சுக்காரன் பண்டிகை. காலையிலேயே பாகூரில் கொடியும் தோரணமுமாக அமர்க்களம். மேர் மூவர்ணப் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அப்புறம் வழுக்கு மரம், பானை உடைப்பது, சாக்கு ஓட்டம். நீ எழுதிய சாக்கு ஓட்டம் நம் ஊரிலும் உண்டு என்று ஆண்டாளிடம் சொல், விழுந்து எழுகிற வேடிக்கை எங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது. வேடிக்கை பார்க்க அக்கரை ஜனங்கள் வண்டி வண்டியாக வந்திருந்தார்கள், அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. அந்தக் கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டு தையலின் புருஷன் சாமிநாதன் வந்தான். நல்ல பிள்ளை, தாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. "மாமா, நாளையோட ஆனி முடியுது. ஆடி பொறந்துட்டா புள்ளத்தாச்சிய ஆத்தத் தாண்ட வுட மாட்டேன்னு அம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. அதுக்குக் கை காலெல்லாம் வீங்கிக் கெடக்கு, தல நோவுது தல நோவுதுன்னு படுத்துக்குது" என்றான். தையல் என்ன சொல்லி அனுப்பினாள் என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்பா வர வேணாம்னு சொல்லச் சொல்லிச்சு மாமா. இங்கியே பெத்துக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லச் சொல்லிச்சு" என்றான். அந்த நேரம் பார்த்து எவனோ வழுக்கு மரத்தின் உச்சிக்குப் போய்விட்டான், ஜனம் கைதட்டி ஆர்ப்பரித்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பாகூர் ஆஸ்பத்திரியில் படித்த மருத்துவச்சி இருக்கிறாள், அவர்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை. ஒன்பதாம் மாதத்தில் கை கால் வீங்கித் தலை வலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று மாப்பிள்ளையை எழுதச் சொல். கப்பல் தபால் போய் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதச் சொல். நாளைக் காலையில் உன் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் ஆற்றில் இறங்குகிறேன். வண்டியில் வைக்கோல் பரப்பி மெத்தை போட்டாகிவிட்டது. ஜெயில் என்றால் எனக்குப் பயம்தான், பெற்ற பெண்ணிடம் அதைச் சொல்ல என்ன வெட்கம்? தானாக வந்து ஒப்புக்கொண்டால் நாலைந்து மாதத்தோடு போகும் என்று கடலூர் வக்கீல் ஒருவர் போன வருஷமே சொல்லி அனுப்பினார். நாலு மாதத்துக்குப் பயந்து இரண்டு வருஷம் உள்ளேயே கிடந்திருக்கிறேன் பார். உன் அம்மா அழுவாள் என்று நினைத்தேன், அவள் அழவில்லை. "ரெண்டு வருசமா இங்க இருந்துக்கினு நீங்க மட்டும் இன்னா வாழ்ந்துட்டீங்க" என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் துடைத்துத் தட்டில் அடுக்கப் போய்விட்டாள். சாவடியில் அந்தச் சேவகனே இருந்தால் முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்பேன். ஒரு மணி நேரம் விடப்பா, பெண்ணை வண்டியேற்றி அனுப்பிவிட்டு நானே வந்து நிற்கிறேன் என்று கேட்பேன். விட்டான் என்றால் அவன் பிள்ளை குட்டி நன்றாயிருக்கட்டும். விடாமல் விலங்கு மாட்டினான் என்றால் அந்த விலங்கோடேயே சம்பந்தி வாசல் வரைக்கும் கூட்டிப்போ என்று அவன் காலில் விழுவேன். பெற்ற அப்பன் வாசலில் வந்து நின்று அழைக்க வேண்டும் என்றுதானே காசம்மாள் கேட்டாள், கை சும்மா இருக்க வேண்டும் என்று கேட்கவில்லையே.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அழுது பிள்ளைகளை மிரட்டாதே. வெயில் இருக்கிறவரை அவர்களை வெளியே விளையாட விடு, குளிர் வந்ததும் நெஞ்சை மூடிக் கம்பளிச் சட்டை போடு. மாப்பிள்ளைக்கு ஒரு வேளையாவது ரசம் வைத்துச் சோறு போடு. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், தையலுக்குத் தாயும் பிள்ளையும் வேறு வேறாக நல்லபடி பிழைக்க வேண்டும் என்று உன் சாமிகளையும் அங்கே இருக்கிற சாமியையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள். ஒன்று மறந்துவிடாதே. இனிமேல் கடிதத்தை அம்மா பேருக்கு எழுது. எழுத்தைப் பெரிதாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு எழுது. அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நான் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிங்காரவேலு