கூழைக்கடாவைக் காட்டிக்கொடுத்தவனுக்கு

மாபெரும் துப்பறியும் மேதைக்கு,

வேடந்தாங்கல் டூரிலிருந்து திரும்பும்போது, வாத்தியார்களுக்கெல்லாம் நாம் இருவரும் பறவைப் பெயர் வைத்தோம். தாடை தொங்கும் கணக்கு சார் கூழைக்கடா ஆனார். அந்த ரகசிய மொழி முழுவதையும் நேற்று நீ ஹெச்.எம்.மிடம் ஒப்பித்துவிட்டு, "நானே டிசைஃபர் பண்ணேன் சார்" என்றாயாம். இப்போது நீ கிளாஸ் லீடர்.

அகராதியைப் பார்த்தேன். டிசைஃபர் என்றால் சங்கேதத்தின் பொருளைக் கண்டுபிடிப்பது. அதே அகராதியில் இந்தியிலும் போட்டிருக்கிறது: ‘கூட் அர்த் நிகால்னா’, அதாவது மறைபொருளை வெளியே எடுப்பது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டே பூட்டை உடைத்தேன் என்று பீற்றிக்கொள்வதை இரண்டிலும் காணோம். தமிழில் அதற்குக் கோள் சொல்வது என்று பெயர்.

உனக்கு மட்டும் நான் பறவைப் பெயர் வைக்கப்போவதில்லை. பறவைகள் பாவம்.

"கூழைக்கடான்னு பேர் வெச்சது யார்ரா? நாளைக்கு அப்பனை இட்டுகினு வா" என்றார் இன்று ஹெச்.எம். நான்தான் சார் என்றேன். அந்தப் பெயரை வைத்தது நீ.

ஏன் உன்னைச் சொல்லவில்லை என்பதை நீயே டிசைஃபர் பண்ணிக்கொள். இந்த முறை உன்னிடம் சாவி இல்லை.

இப்படிக்கு,
நாளை அப்பாவோடு வருபவன்