துறையில் நிற்கும் வெறும் படகு

தரங்கம்பாடி
4 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை மகள் ஆர்த்திக்கு, மாமா காயாரோகணம் எழுதுவது.

இங்கே கடலும் நாங்களும் சுகம். சென்னையில் நீ படிக்கிற மருந்துப் படிப்பைப் பற்றி மீன் ஏலக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். நீ டாக்டர்களுக்கே பாடம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன், யாராவது கேட்டால் மறுத்துவிடாதே. போனில் பேசினால் உன் அத்தை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

என் பிள்ளை மணிவண்ணன் போன படகு ஐப்பசிப் புயலில் திரும்பவில்லை, உடம்பும் கரை ஒதுங்கவில்லை. அதிலிருந்து உன் அத்தைக்கு அவன் குரல் கேட்க ஆரம்பித்ததும் உனக்குத் தெரியும். சோறு இறங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். மயிலாடுதுறைக்குக் கூட்டிப்போனேன். நான் வியாதியை விளக்கிய விளக்கத்தில் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். (எங்களை அனுப்பத்தான் எழுந்தார் என்பாள் உன் அத்தை, நம்பாதே.)

மாத்திரை கொடுத்தார். இப்போது சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். “என்ன தையலு, பய ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டால், “இல்லீங்க” என்கிறாள். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது.

அந்த மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது? விளக்கமாக எழுது. எட்டாம் வகுப்பில் அறிவியலில் நான்தான் முதல்.

உன் மாமா,
காயாரோகணம்


சென்னை
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமா,

அத்தை சாப்பிடுகிறார்கள் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

மூளையில் ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. அதை நம் ஊர் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதியைச் சில ரசாயனங்கள் படகு மாதிரி அக்கரைக்குக் கொண்டுபோகும். அங்கே அதற்கென்று உள்ள துறையில் கட்டினால்தான் சேதி இறங்கும். டோபமைன் அப்படி ஒரு படகு. அத்தைக்கு அது அளவுக்கு மீறி வருகிறது, இல்லாததை எல்லாம் இறக்குகிறது. மாத்திரை ஒரு வெறும் படகு. சரக்கு எதுவும் இல்லாமல் துறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் குரல் அடங்குகிறது.

ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது மாமா.

அன்புடன்,
ஆர்த்தி


தரங்கம்பாடி
3 மார்ச் 2024

என் அறிவுக்கொழுந்து ஆர்த்திக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. டாக்டருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. வெறும் படகு துறையை அடைத்துக்கொண்டு நின்றால், என் பிள்ளை எங்கே வந்து கட்டுவான்? சேதியோடு வந்தவனை நாமல்லவா திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்!

மாத்திரையை நிறுத்திவிட்டேன். நீ திட்டுவாய், திட்டு. உடனே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் அடுப்படியில் நின்றபடியே சிரித்தாள். “வந்துட்டான்” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இப்போது தினமும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதாம், நம் ஊர்க் கோட்டை உயரத்துக்கு மீன் பார்த்தானாம் (உயரம் மட்டும் நான் போட்டது). “எனக்கு ஏதாச்சும் சொன்னானா?” என்று கேட்கிறேன். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்கிறாள். ஒரு வார்த்தை ஆர்த்தி. எனக்கென்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி மாத்திரையைக் கொடுத்துவிடுவேன்.

அவளிடம்தான் ஓயாமல் பேசுகிறான். “வாம்மா, வாம்மா” என்கிறானாம்.

உன் மாமா,
காயாரோகணம்


சென்னை
7 மார்ச் 2024

மாமா,

எத்தனை முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவே இல்லை. அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

படகு என்று நான் எழுதியிருக்கக்கூடாது, அதுவும் உங்களுக்கு. அந்தக் குரல் மணி மச்சான் இல்லை. அத்தையின் மூளை அத்தைக்கே செய்கிற சத்தம் அது. நீங்கள் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் அதில் உங்களுக்கென்று ஒரு வார்த்தையும் வராது.

“வா” என்கிற குரல் ஆபத்து. இன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்காதீர்கள். அவர்களைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பரீட்சை முடிந்ததும் வருகிறேன்.

ஆர்த்தி


தரங்கம்பாடி
28 ஏப்ரல் 2024

ஆர்த்திக்கு,

நீ வந்தபோது ஆஸ்பத்திரியில் வைத்து என்ன நடந்தது என்று கேட்டாய். இப்போதுதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையில் அவள் கடலுக்குள் நடந்துவிட்டாள். பனைமர உயர அலையில் பாய்ந்து காப்பாற்றினேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். அலையே இல்லை. மார்பளவுத் தண்ணீர். கையைப் பிடித்து இழுத்தேன். “விடுங்க, புள்ள நிக்கிறான்” என்றாள். அவள் காட்டிய பக்கம் நானும் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கரைக்குக் கூட்டி வந்தேன்.

இப்போது மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்கிறேன். குரல் நின்றுவிட்டது.

நேற்று மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, அவன் செத்துட்டான்ல?”

அவனை ஏதோ வெளிநாட்டுக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனதாக நான் ஒரு கதை வைத்திருக்கிறேன். யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள். அதுதான் வாய்வரை வந்தது.

“ஆமா” என்றேன்.

புயலுக்குப் பிறகு அவள் அழுது நேற்றுதான் பார்த்தேன். அழுது முடித்துவிட்டு, “காரியம் செஞ்சிடலாங்க” என்றாள். உடம்பு கிடைக்காவிட்டாலும் செய்யலாமாம், கோயிலில் கேட்டுவிட்டேன். அமாவாசைக்கு வைத்திருக்கிறோம்.

அத்தைக்குத் துணையாக வா. எனக்கும்.

மாமா