ஆசை வந்தால் கூப்பிடு

அன்பு மச்சான் சேகருக்கு,

என் வீடு மேற்கே இருந்தும், தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கினால் இப்போதும் கிழக்குப் பக்கமாக வெளியே வந்து சுற்றிக்கொண்டுதான் போகிறேன். மேற்கு வாசலில் நம் டீக்கடை இருக்கிறதல்லவா, அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது, சிகரெட்டை விட நாம் போன கவுன்சிலிங் மேடம் நமக்குப் போட்ட உத்தரவு. டீ கிளாஸ் ஒரு கைக்கு வந்தால் மறு கைக்குச் சிகரெட் தானாக வந்துவிடும் என்று அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

"விடணும்னு நினைக்கிறது ஒரு கட்டம், விடுறது ஒரு கட்டம். தவறிப்போய் மறுபடி பிடிச்சா அதுவும் ஒரு கட்டம்தான், பயப்படாதீங்க" என்றார். "மேடம், இவன் நினைக்கிற கட்டத்துலயே ரிட்டயர் ஆயிடுவான்" என்று என்னை மாட்டிவிட்டாய்.

ஒரு பழக்கத்தைச் சும்மா எடுக்க முடியாது, அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்றார். நாம் வைத்தது போன். ஆசை வந்தால் நான் உன்னைக் கூப்பிட வேண்டும், நீ என்னை. "கடைக்குப் போயிட்டியா?" என்றுதான் எடுப்பாய். ஆசை அடங்கும்வரை எதையாவது பேசிக்கொண்டிருப்பாய். அப்படித்தான் இரண்டு பேரும் விட்டோம்.

பிறகு உனக்கு மாரடைப்பு. பல வருடப் புகை செய்த வேலை என்றார் டாக்டர். ஆபீஸில் வேறு மாதிரி பேசினார்கள். "விட்டவன் போய்ட்டான், பிடிக்கிறவன் நல்லாத்தான் இருக்கான்." எனக்கு ஆத்திரம் வந்தது. அது சரிதானோ என்றும் தோன்றியது, அதுதான் மோசம்.

அன்று மாலை மேற்குப் பக்கம் போனேன். சிகரெட் வாங்கி உதட்டில் வைத்தேன். தீப்பெட்டி எடுக்கப் போன கை, போனை எடுத்து உன் நம்பரை அழுத்திவிட்டது. நீ இல்லை என்பது மணி அடித்த பிறகுதான் உறைத்தது. வைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"கடைக்குப் போயிட்டீங்களா அண்ணா?"

உன் மனைவி கலா. நீ இப்படி எடுப்பதை எத்தனை முறை கேட்டிருப்பாள்.

"பத்த வெச்சுட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப கீழ போடுங்க."

போட்டேன். பிறகு சொன்னாள். "இனிமே நான் எடுக்க மாட்டேண்ணா. ஆனா நீங்க கூப்பிடுங்க. மணி அடிச்சா, அவரு உள் ரூம்ல இருக்காரு, இப்ப எடுத்துடுவாருன்னு தோணுது. அதுக்குத்தான் சார்ஜ் போட்டே வெச்சிருக்கேன்."

அதிலிருந்து தினமும் சேலையூரில் உன் வீட்டில் உன் போன் அடிக்கிறது. அங்கே அவளும் இங்கே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீ எடுக்கப் போகிறாய் என்று எனக்கும் தோன்றுகிறது. பயமாகவும் இருக்கிறது. எடுத்துவிட்டால் என்ன பேசுவேன்?

எனக்கு இன்னும் ஆசை வருகிறது என்று கலா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது நின்று நாளாகிவிட்டது மச்சான். இந்தப் பழக்கத்தை எடுத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது என்று மேடத்திடம் கேட்கலாம். அவர் வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவாரோ என்றுதான் போகாமல் இருக்கிறேன்.

சிகரெட்டை இனித் தொட மாட்டேன், இது சத்தியம். கூப்பிடுவதை மட்டும் விடச் சொல்லாதே.

நாளையும் உன்னைக் கூப்பிடப்போகும்
உன் மச்சான்,
பாஸ்கர்