அஞ்சலைமேட்டுக் கல்

நீ நட்ட கல்லுக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள். கச்சிராயபாளையம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. நீ செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் உன் மகன் முந்திக்கொண்டான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தும் நீ என்னை ‘டா’ என்றாய், நான் உன்னை ‘நீங்க’ என்றேன். இந்த மடலில் அந்த மரியாதை கிடையாது.

‘பாளையக்காரர் திருமகள் அஞ்சலையம்மாள் எதிரிகளிடம் சிக்காமல் தீப்பாய்ந்த இடம். அதனால் இவ்வூர் அஞ்சலைமேடு எனப் பெயர் பெற்றது.’ மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் இறங்கிப் படித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அத்தனையும் புளுகு. அஞ்சலை என் அப்பாவைப் பெற்றவளின் தாய். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்கள் அந்த மேட்டில்தான் சுமை இறக்குவார்கள். அவர்களுக்குக் கூழும் சுட்ட கருவாடும் விற்றவள் அவள். காய்ச்சலில் செத்தாள், அங்கேயே புதைத்தார்கள். ஆடிக்கு ஆடி அந்த இடத்தில் கூழும் கருவாடும் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம்.

நீ அந்தக் கல்லை வைத்தது, உன் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டுப் போராடிய வருஷம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. மறியலில் முன்வரிசையில் இருந்த நீ, ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றாய்.

“இன்னா குப்பு, அஞ்சலைக்கு எந்த எடத்துல படைக்கிறீங்க? கல்லு வெக்கலாம்னு இருக்கேன்” என்று என் அம்மாவிடம் கேட்டாய்.

அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டினாள். “நம்ம அஞ்சலைக்குக் கல்லு வெக்கிறாங்களாம்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

திறப்பு நாளில் எங்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாய். கல்லுக்குப் பட்டுச் சேலை சார்த்தி, சர்க்கரைப் பொங்கல் படைத்தாய். கல்லில் இருந்ததை ஒருவர் வாசித்து முடித்ததும் அம்மா சாலையைத் தாண்டி வந்தாள்.

“எங்க அஞ்சலை சக்கரை தின்னவ இல்லிங்க. கூழு வித்தவங்க.”

“சாமிக்குக் கருவாடா படைப்பாங்க? போய் அந்தாண்ட நில்லு குப்பு.”

அன்று சாயங்காலம் உன் களத்துக்கு வந்து நியாயம் கேட்டேன். நீ மறுக்கவே இல்லை. “தெரியும்டா. ரிசர்வேசன் கேட்டுக்கினு இருக்கோம். எங்களுக்கும் ஒரு சரித்திரம் வேணும்ல” என்றாய். மேடையில் பின்தங்கியவர்கள் என்று கேட்பாய், கல்லில் பாளையக்காரர் பரம்பரை என்று வெட்டுவாய். இரண்டும் உனக்கு வேண்டும். நான் குரலை உயர்த்தியதும், “ஒம் பொண்டாட்டி பிரசவ வலில துடிச்சப்ப வண்டி போறதுக்கு மரத்த நகுத்தினது யாருடா?” என்றாய்.

நகர்த்தியது நீதான், மறுக்கவில்லை. உன் ஆட்களை அதட்டி வழிவிட வைத்தாய். அந்த நன்றியாலேயே என் வாயை அடைத்தாய். அன்று அப்படியே திரும்பி வந்தேன்.

அம்மா காட்டிய இடத்திலேயே கல்லை நட்டுவிட்டாய். கல்லின் அடியில் ‘உபயம்’ என்று உன் பெயர். எங்கள் அஞ்சலைக்கு இலை போட வேண்டுமானால் உன் பெயருக்கு முன்னால்தான் குனிய வேண்டும். அம்மா சாகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு படைத்தாள். அவளுக்குப் பிறகு நானும் அப்படியே செய்துகொண்டிருந்தேன்.

இந்த ஆடியில் என் மருமகள் கூழ்ப் பானையோடு கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். முள்ளை வெட்டி ஒதுக்கினாள். “இந்தாண்ட யாரு பேரும் இல்லிங்க மாமா. இங்கியே எலையப் போடுங்க” என்றாள். போட்டேன். கூழ் ஊற்றி, கருவாடு வைத்து, கைகூப்பினேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அஞ்சலையை மட்டும் கும்பிட்டேன்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. வராததற்கு வருத்தமும் இல்லை. நீ போய்விட்டாய் என்பதற்காக என் கோபம் போய்விடாது. அதை எங்கள் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நான் போவேன்.