ஏழாம் தாழியின் கழுத்து

சிவகாசி
கார்த்திகை 3

அன்புள்ள கணவர் பிரபாகரன் அவர்களுக்கு மாரிசெல்வி எழுதிக்கொண்டது. நானும் பாப்பாவும் நலம். சென்னையில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய போட்டோவைப் பார்த்தோம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். இதைக் கிழிக்கத்தான் முடியும்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பிரஸ்ஸில் காலண்டர் சீசன், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. திங்களன்று தங்கச்சாமி முதலாளியின் ஆர்டர் வந்தது. நம் ஊர் மேட்டில் இருந்த பதினாலு முதுமக்கள் தாழிகளையும் எந்திரம் விட்டு நொறுக்கி, அந்த மண்ணில் தன் பட்டாசு குடோனைச் சுற்றி வெடி பரவாமல் மண் அணை கட்டிக்கொண்டவர், காலண்டரில் ஒரு தாழியின் படத்தைப் போட்டு, "மண்ணின் பெருமை காப்போம்" என்று அச்சடித்து, கீழே தன் பெயரையும் போட்டிருக்கிறார். வேனில் போகும்போது பார்க்கிறேன், அணையில் ஓட்டுச்சில்லுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. அவருக்கு வெட்கம் வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் தாழிகளைப் படமெடுத்துப் பதிய உங்களைக் கூட்டிவந்த கம்பெனி கொடுத்த தைரியம். தாழிகள் கம்ப்யூட்டரில் பத்திரமாக ஏறிவிட்டன, இனி மண்ணை அள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே? அதில் ஒருவர்கூடத் தாழிக்குள் குனிந்து பார்த்ததில்லை. வெயிலுக்குப் பயந்து காரைவிட்டு இறங்கவே யோசித்தார்கள்.

அந்தக் காலண்டர் தலையில் டின் பட்டை அடிக்கும்போதுதான் கவனித்தேன். படத்தில் இருப்பது ஏழாம் தாழி. கழுத்து மொழுமொழுவென்று இருந்தது. அந்தக் கழுத்தில் இரண்டு நாள் பல் விளக்கும் பிரஷ்ஷால் மண் தட்டியவள் நான். கூலிக்குத்தான் என்றாலும் கண் இருக்கிறதே. ஏணி போல ஒன்று, மீன் போல ஒன்று, பக்கத்தில் மூன்று கோடுகள், யாரோ கூரான எதனாலோ கீறியிருந்தார்கள். உங்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "வெளிச்சம் போகுது, தள்ளு" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து, நீங்கள் விட்டுப்போன டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். நீங்கள் முதலில் எடுத்த படங்களில் கீறல் அத்தனையும் இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பியதில் ஒன்றுகூட இல்லை. பதினைந்து வருஷம் காலண்டர் சாமிகளுக்கு டச்சப் செய்த கை அல்லவா? முருகனுக்கும் முதலாளி வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்கும் ஒரே கன்னம் வைத்தவர், தாழியை மட்டும் விடுவீர்களா? கரியைத் துடைத்து, வெடிப்பை அடைத்து, அது எழுத்தா அடையாளமா என்று யாராவது பார்க்கும் முன்பே வழித்தெடுத்துவிட்டீர்கள். அதற்குத்தான் பொன்னாடை.

என்னோடு மேட்டில் கூலிக்கு வந்த சங்கையா அண்ணனிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். "ஏத்தா, மாப்பிள்ளை சட்டிய நல்லா வெளக்கி வச்சுட்டாருல்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டியவரை ஊரார் சிரிக்கும்போது பக்கத்தில் நிற்பது பெரிய கேவலம்.

அந்த டிஸ்க்கில் இருப்பது அழுக்குப் படங்கள்தான், எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொரியரில் அனுப்பு, ஒரு கல்யாண ஆர்டருக்கு வேண்டும் என்று போன வாரம் சொன்னீர்கள். அழிக்க மாட்டேன். அனுப்பவும் மாட்டேன். தாழிகள் போய்விட்டன, அந்த அழுக்குப் படங்கள்தான் மிச்சம். நீங்களே வந்து எடுத்துப் போய், நான் கை வைத்தது தப்பு, அசல் இதுதான் என்று கம்பெனியில் சொல்லுங்கள். வேலை போகலாம். போகட்டும், இங்கே டின் அடிக்க ஆள் கேட்கிறார்கள். கார்த்திகை தீபம் வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் வராவிட்டால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அழித்தது யார் என்று கேட்பார்கள். என் வாயால் உங்கள் பெயரைச் சொல்ல வைக்காதீர்கள்.

டிஸ்க்கில் நம் கல்யாணப் படங்களும் இருந்தன. பத்தொன்பது வயதில் பட்டாசு கம்பெனியில் மருந்து தீப்பிடித்துச் சுட்ட தழும்பு என் இடது கன்னத்தில் இருக்கிறது. நீங்கள் செய்த ஆல்பத்தில் அது இல்லை. எட்டு வருஷமாக நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நேற்றுத்தான் அசலைப் பார்த்தேன். தழும்போடு உங்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். பாப்பாவுக்கு ஆல்பத்தில் இருப்பது யார் என்று எப்போதும் சந்தேகம். இதைக் காட்டியதும், "இது அம்மா" என்றாள்.

நீங்கள் அழிக்கச் சொன்னதில் அதுவும் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். தீபத்துக்கு வாருங்கள். வந்து அந்தப் படத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
மாரிசெல்வி